கூடத்துச் சுவரில் டைசன்

கானாடுகாத்தான்
24.11.2024

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் புதன்கிழமை கைக்கு வந்தது. இங்கே எல்லோரும் நலம். மாடியில் ஓடு மாற்றும் வேலை தொடங்கி இரண்டு வாரமாகிறது. பங்காளிகள் ஏழு குடும்பத்தாரும் செலவில் பங்கு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், நான்கு பேர் தந்தும் விட்டார்கள். மற்றவற்றை நேரில் பேசலாம், ஏனென்றால் நீ கேட்டிருக்கும் கேள்வி நான்கு நாளாக என்னை வேறெதையும் நினைக்க விடவில்லை.

உன் குத்துச்சண்டைப் பயிற்சிக்கூடத்தில் முகமது அலிக்குப் பக்கத்தில் தொங்கும் மைக் டைசன் படத்தைக் காட்டி, புதிதாகச் சேர்ந்த பெண்பிள்ளை ஒருத்தி, “வாத்தியாரே, இவர் ஜெயிலுக்குப் போனவர்தானே, இவர் படம் எதற்கு இங்கே?” என்று கேட்டாள் என்றும், பையன்கள் அவளோடு மல்லுக்கு நின்றார்கள் என்றும், நீ யாருக்கும் பதில் சொல்லாமல் எல்லோரையும் கயிறு தாண்ட அனுப்பிவிட்டாய் என்றும் எழுதியிருக்கிறாய். வாத்தியாருக்கே தெரியாத பதில் வங்கியில் பேனா பிடித்தவனுக்கு எப்படித் தெரியும் என்று எழுதி நான் தப்பித்துக்கொண்டிருப்பேன். ஆனால் 1988இல் பாரிமுனை நடைபாதையில் பேரம் பேசி அந்தப் படத்தை வாங்கி, சட்டம் போட்டு உனக்குக் கொடுத்தவன் நான்தான்.

சென்ற 16ஆம் தேதி காலையில் பேரனுடைய கைப்பேசியில் அந்தப் போட்டியைப் பார்த்தேன். டெக்சாஸின் ஆர்லிங்டன் நகரில், 58 வயதுக் கிழவர் டைசன் முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு, யூடியூபில் பெயர் வாங்கிய 27 வயது ஜேக் பாலின் எதிரே நின்றார். சுற்றுக்கு இரண்டே நிமிடம் என்று எட்டுச் சுற்றுகள். முதல் இரண்டு சுற்றுகளுக்குப் பிறகு கால் நகரவில்லை. கையுறையைப் பல்லால் கடித்துக்கொண்டே நின்றதுதான் என் கண்ணில் நிற்கிறது. கடைசி மணி அடிப்பதற்குச் சற்று முன் அந்தப் பையன் கைகளை இறக்கி அவருக்குத் தலை வணங்கினான். மரியாதைதான், ஆனால் சண்டை முடியாத மேடையில் எதிராளி தலை வணங்குவது எவ்வளவு பெரிய தோல்வி என்று எனக்குப் பட்டது. பேரன் அதையெல்லாம் கவனிக்கவில்லை. “ஐயா, காதைக் கடித்தவர் இவர்தானே?” என்று மட்டும் கேட்டான்.

நமக்கு டைசன் என்றால் அதுவா? 1988 ஜூன் மாதம், மண்ணடி விடுதியில் நீ செய்தித்தாளை உரக்கப் படித்தாய்: மைக்கேல் ஸ்பிங்க்ஸ், அதுவரை தோல்வியே அறியாதவர், 91 விநாடியில் விழுந்தார் என்று. டம்ளரில் இருந்த டீயை ஆற்றி முடிப்பதற்குள் ஒரு உலகச் சாம்பியன் பட்டத்துக்கான சண்டை முடிந்துவிட்டதே என்று நாம் சிரித்தோம். பிறகு வீடியோ கேசட்டில் அதைப் பார்த்தபோதுதான் நீ எனக்குக் கற்றுக்கொடுத்தாய். இடியைப் பார்க்காதே, தலையைப் பார் என்றாய். இரண்டு கைகளும் கன்னத்தை ஒட்டியிருக்க, தலை ஊஞ்சலைப் போல இடமும் வலமும் ஆடி, எதிராளியின் குத்து காற்றில் போன அந்தக் கணத்தில் கீழிருந்து விலாவுக்கு ஒன்று, அதே கையால் தாடைக்கு ஒன்று. ஐந்தடி பத்து அங்குல மனிதர், தன்னைவிட உயரமானவர்களை அண்ணாந்து பார்த்தே அடித்தார். வெறும் முரட்டுப் பலம் என்று அன்று எழுதியவர்கள் அந்தத் தலையாட்டத்தைப் பார்க்கவில்லை என்று நீ கோபப்பட்டது எனக்கு நினைவிருக்கிறது.

அந்தத் தலையாட்டத்தைக் கற்றுக்கொடுத்தவர் கஸ் டமாட்டோ. புரூக்ளினின் பிரௌன்ஸ்வில் பகுதியில் வளர்ந்து, திருட்டும் அடிதடியுமாகத் திரிந்து, பதின்மூன்று வயதில் சீர்திருத்தப் பள்ளியிலிருந்து வந்த பையனை கேட்ஸ்கில் ஊரில் தன் வீட்டிலேயே வைத்து வளர்த்தார்; தாய் இறந்த பிறகு சட்டப்படி காப்பாளரும் ஆனார். அந்தப் பையன் போட்ட முதல் சண்டையே ஒரு புறாவுக்காகத்தான் என்பார்கள். அவன் வளர்த்த புறாவின் கழுத்தை ஒரு பெரிய பையன் திருகியிருக்கிறான். எங்கள் வீட்டு மாடியில் பூட்டிக் கிடக்கும் அறைகளைத் திறந்து புறா எச்சத்தைச் சுரண்டும்போதெல்லாம் இந்தக் கதை எனக்கு நினைவு வரும். டமாட்டோ 1985 நவம்பரில் இறந்தார். அடுத்த நவம்பரில், 22ஆம் தேதி, டிரெவர் பெர்பிக்கை இரண்டாம் சுற்றில் சாய்த்து, இருபது வயதில், வரலாற்றிலேயே இளைய ஹெவிவெயிட் (மிகு எடைப் பிரிவு) சாம்பியன் ஆனார் டைசன். 1981இல் அலியின் கடைசிப் போட்டியில் அவரைத் தோற்கடித்தவர் இந்த பெர்பிக்தான். 1980இல் அலி சென்னை வந்து ஜிம்மி எல்லிசுடன் காட்சிப் போட்டி ஆடியதைக் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு பார்த்தவன் நீ என்பதால், அலிக்காகப் பழி தீர்ந்தது என்று நீ மகிழ்ந்ததில் வியப்பில்லை.

அதன் பிறகு நடந்தவை உனக்கே தெரியும், வேகமாகக் கடக்கிறேன். 1988 மார்ச்சில் மேலாளர் ஜிம் ஜேக்கப்ஸ் இறந்தார். அதே ஆண்டு, டமாட்டோவின் முறையை அறிந்த பயிற்சியாளர் கெவின் ரூனியை டைசன் நீக்கினார். போட்டி ஏற்பாட்டாளர் டான் கிங் வந்து சேர்ந்தார். தலையாட்டம் குறைந்து, ஒரே இடியை நம்பத் தொடங்கினார். 1990 பிப்ரவரி 11, டோக்கியோ. பந்தயக்காரர்கள் ஒன்றுக்கு நாற்பத்திரண்டு என்று ஒதுக்கிய பஸ்டர் டக்ளஸ், தாயைப் புதைத்து ஒரு மாதம்கூட ஆகாமல் வந்தவர், எட்டாம் சுற்றில் தானே விழுந்து எழுந்து, பத்தாம் சுற்றில் டைசனைச் சாய்த்தார். டைசனின் இடக்கண் வீங்கியபோது, அதை அழுத்தி வைக்க முறையான இரும்புகூட அவருடைய மூலையில் இல்லை. ரப்பர் கையுறையில் ஐஸ் தண்ணீர் நிரப்பி ஒற்றினார்கள். விழுந்தவர் கைகளாலும் முழங்கால்களாலும் தவழ்ந்து, கழன்று கிடந்த பல்லுறையைத் துழாவி எடுத்து, ஒரு முனை வெளியே தொங்கும்படி வாயில் கவ்விக்கொண்டு எழ முயன்றார். அதற்குள் பத்து எண்ணி முடித்துவிட்டார்கள். எழ வேண்டிய நேரத்தில் பல்லுறையை ஏன் தேடினார் என்று நான் கேட்டதற்கு, “அது அறிவு இல்லடா, பழக்கம், அடிபட்டவன் கற்றுக்கொடுத்ததைத்தான் தேடுவான்” என்றாய் நீ.

இந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டால் படம் சுவரிலேயே இருக்கலாம். உன் மாணவி நம்மை நிறுத்தவிடவில்லை.

1991 ஜூலையில் இண்டியானாபோலிஸ் நகரில், அழகிப் போட்டிக்கு வந்திருந்த பதினெட்டு வயதுப் பெண்ணை வல்லுறவு செய்தார் என்று 1992 பிப்ரவரியில் நீதிமன்ற நடுவர் குழு (ஜூரி) தீர்ப்பளித்தது. ஆறாண்டுச் சிறை, மூன்றாண்டு இருந்துவிட்டு 1995 மார்ச்சில் வெளியே வந்தார். தான் செய்யவில்லை என்றே இன்றுவரை சொல்லி வருகிறார். மேல்முறையீட்டிலும் தீர்ப்பு நின்றது. 1997 ஜூன் 28இல் இவாண்டர் ஹோலிஃபீல்டின் காதைக் கடித்தது அதற்குப் பிறகுதான். அதற்கு 30 லட்சம் டாலர் அபராதம், உரிமம் ரத்து, உலகமெங்கும் தலைப்புச் செய்தி. பிற்பாடு இருவரும் நண்பர்களாகி, 2022இல் டைசனின் நிறுவனம் கடிபட்ட காது வடிவத்தில் கஞ்சா மிட்டாயே விற்றது. காது இரண்டு ஆண்களுக்கு நடுவே வேடிக்கையாகி, என் பேரன் வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. அந்தப் பெண்ணின் செய்தி வரவில்லை. வெட்கத்தோடு சொல்கிறேன், 1992இல் நானே அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, ‘ஒரு நல்ல ஆட்டக்காரர் வீணாகிவிட்டாரே’ என்றுதான் உனக்கு எழுதினேன். வீணானது யாருடைய வாழ்க்கை என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

எங்கள் ஐயாவின் பினாங்கு வட்டிக்கடைப் பேரேடுகளை நீ பார்த்திருக்கிறாய். ஓடு மாற்றுவதற்காக அவற்றைக் கீழே இறக்கி வெயிலில் காயவைத்தபோது ஒன்றை உட்கார்ந்து படித்தேன். மூன்று வருடச் சம்பளச்சீட்டில், அதாவது ஒப்பந்தத்தில், கடையை நடத்தும் மேலாளாகப் போன ஒருவர் கடையின் கொடுக்கல் வாங்கலை இரு மடங்காக்கியிருக்கிறார். கடைசி வருடத்தில், ஈடாக வந்த ஒரு பெண்மணியின் கைக்காப்பை விற்றுத் தின்றுவிட்டார். அவருக்குரிய லாபப் பங்கை ஐயா ஒரு காசு குறைக்காமல் எழுதியிருக்கிறார். காப்புக்குரிய தொகையை வேறு ஏட்டில், அந்தப் பெண்மணிக்குக் கடை தரவேண்டிய கடனாக எழுதியிருக்கிறார். இரண்டையும் கழித்து ஒரே தொகையாக்கவில்லை. கடைக்கு வந்த லாபத்தால் அந்த அம்மாளுக்கு என்ன வந்தது? நாமோ முப்பது வருடமாக அப்படித்தான் கழித்துக்கொண்டிருக்கிறோம்: எத்தனை அழகான சண்டைகள், போகட்டும் என்கிறோம். அந்த 91 விநாடியின் வரவு நம்முடையது. அந்த இண்டியானாபோலிஸ் பெண்ணுக்குரிய பற்றை அதைக்கொண்டு நேர் செய்ய நாம் யார்?

அதற்காக அவர் ஏட்டையே கிழித்துவிடு என்று நான் சொல்லவில்லை. 30 கோடி டாலருக்கு மேல் சம்பாதித்தவர் 2003இல் மஞ்சள் கடுதாசி கொடுத்தார். 2005 ஜூன் 11, வாஷிங்டனில், கெவின் மெக்பிரைடு என்ற சாதாரண வீரருக்கு எதிராக ஆறாம் சுற்று முடிந்ததும் முக்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இந்த விளையாட்டுக்கு இனியும் அவமரியாதை செய்ய விருப்பமில்லை என்று அன்றே சொல்லி விலகினார். அவரைப் பற்றி எனக்குப் பிடித்த நாள் எது என்று கேட்டால், பட்டம் வென்ற நாளைவிட அந்த முக்காலியைத்தான் சொல்வேன், ஏனென்றால் அன்று தன்னைப் பற்றி அவர் பொய் சொல்லவில்லை. 19 ஆண்டு கழித்து ஆர்லிங்டனில் நடந்ததை நான் முடிவாகவே எண்ணவில்லை, அது வசூல்.

ஆகவே என் யோசனை இது. கேசட்டை வைத்துக்கொள், தலையாட்டத்தைப் பையன்களுக்கும் பெண்களுக்கும் அதைப் போட்டே கற்றுக்கொடு, டமாட்டோவின் பெயரையும் சொல்லிக்கொடு. படத்தை இறக்கிவிடு. பிள்ளைகள் உள்ளே நுழையும்போது தொட்டுக் கும்பிடுகிற சுவர் அது. உன் மாணவியைத் தினமும் அதைத் தாண்டிப் போகச் சொல்ல நமக்கு நியாயமில்லை. ஏன் இறக்கினேன் என்பதை நீயே சொல், கயிறு தாண்ட அனுப்பிவிடாதே. பையன்கள் முறைத்தால், வாங்கிக் கொடுத்தவனே திரும்பக் கேட்டான் என்று என்மேல் போட்டுவிடு.

உண்மையில் கேட்கவும்தான் செய்கிறேன். பொங்கல் கழித்து நீ வரும்போது அதைத் துணியில் சுற்றி எடுத்து வா, சட்டம் தேக்கு. எங்கள் வீட்டில் சுவருக்குப் பஞ்சமில்லை. முகப்பில் மாட்டப்போவதில்லை, மாடியில் பேரேடுகள் இருக்கும் அறையில் மாட்டிக்கொள்கிறேன். நீ வருவதாகச் சொன்னதும் ஆச்சி சீப்புச் சீடைக்கு அரிசி இடிக்கச் சொல்லிவிட்டாள்.

உன்,
அரு.