தொங்குற டென்ட் சரி, எந்த மரத்துல கட்டணும்னு சொல்லலையே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்புல மரத்துக்கு மரம் இழுத்துக் கட்டித் தொங்கவிடுற டென்ட் பத்தி வந்த கட்டுரைய படிச்சேன், படமெல்லாம் ரொம்ப நல்லா இருந்துச்சு, எத்தனை பேருக்கு எந்த மாடல், என்னென்ன கலர்ல வருதுன்னு எல்லாம் போட்டிருந்தீங்க, ஆனா எந்த மரத்துல கட்டலாம் எதுல கட்டக்கூடாதுன்னு ஒரு வரி கூட இல்ல. இப்ப எங்க காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் செட்டிநாட்டுப் பெரிய வீடுகள சுத்திப் பார்க்க வர்றவுகளுக்குன்னு தோப்புல இந்த டென்ட்ட போட்டுக் குடுக்க ஆரம்பிச்சிருக்காக, லீவுக்கு வர்ற சொந்தக்காரப் பிள்ளைகளும் ஆன்லைன்ல வாங்கிட்டு வந்து இறங்குன கையோட தோப்புக்குத்தான் ஓடுதுக. அதனாலதான் இந்தக் கடிதம்.

இது தரையில ஊன்ற டென்ட் இல்ல. மூணு மூலை, மூணு பெல்ட், மூணு மரம். லாரியில லோடு கட்டுவாகல்ல, அதே ராட்செட்தான், கைப்பிடிய டக்கு டக்குன்னு அடிச்சு இறுக்குனா தரை மாதிரி விறைச்சு நிக்கும். அந்த விறைப்புலதான் விஷயமே இருக்கு. வேட்டி காயப்போடுற கொடிக்கயிறு மாதிரிதான் கணக்கு, கயிறு கொஞ்சம் தொய்வா இருந்தா ஆணிக்கு ஒண்ணும் ஆகாது, விறைப்பா கட்டிட்டு ஈர வேட்டிய போட்டா ஆணி பிடுங்கிட்டு வந்துரும். ரெண்டு பேர் சேர்ந்து 150 கிலோன்னு வைங்க, மூணு பெல்ட்டுக்கும் பிரிச்சா 50, 50 கிலோதானேன்னு தோணும். ஆனா பெல்ட்டு கிடைமட்டத்துலேருந்து 10 டிகிரி மட்டும் சாய்ஞ்சு நின்னா ஒவ்வொரு மரத்தையும் இழுக்குற இழுவை கிட்டத்தட்ட 290 கிலோ, இன்னும் இறுக்கி 5 டிகிரிக்கு கொண்டு வந்தா 570 கிலோ. நல்லா விறைப்பா இருக்கட்டும்னு ஆள் மாத்தி ஆள் ராட்செட்ட அடிக்கிறவுக இத ஒரு தடவை யோசிச்சுப் பார்க்கணும்.

அதனால மரம் குறைஞ்சது 25 சென்டிமீட்டர் குறுக்களவு இருக்கணும், தையக்காரர் டேப்ப வச்சு கட்டுற உயரத்துல சுத்தி அளந்தா 31 இன்ச்சுக்கு குறையக்கூடாது. உயிருள்ள மரமா இருக்கணும், பொந்து இருக்கக்கூடாது, கரையான் புத்து அடியில இருக்கக்கூடாது, தலைக்கு மேல காய்ஞ்ச கிளை எதுவும் நிக்கக்கூடாது.

எங்க ஊர் மரத்துக்கு வருவோம். வயசான புளியமரத்த விட உறுதியானது இங்க கிடையாது, வேர் ஆழமா போற மரம். புளியமரத்தடியில படுக்காதீங்கன்னு எங்க அப்பத்தா சொல்லுவாக, அத மதிக்கிற வீடுன்னா முதிர்ந்த வேம்பு பாருங்க, பழைய மாமரமும் ஆகும். மாமரத்துல மட்டும் முதல்ல அண்ணாந்து பாருங்க, இலைய ஒட்டி ஒட்டி கூடு கட்டியிருந்தா முசுறு எறும்பு இருக்குன்னு அர்த்தம், ராட்செட்ட அடிக்கிற அதிர்வுலயே மேலேருந்து பொலபொலன்னு உதிரும், பெல்ட்டு மேலயே வரிசையா டென்ட்டுக்குள்ள நடந்து வரும். தென்னை பார்க்க தோதா நேரா நிக்கும், ஆனா தேங்காயும் மட்டையும் எப்ப விழும்னு யாருக்குத் தெரியும், பனையும் அப்படித்தான். முருங்கை பேச்சே வேண்டாம். சீமைக்கருவேலத்துல முள்ளும் சரி, அடியிலேருந்தே பிரியுற ஒல்லிக் கொம்பும் சரி, ஆகவே ஆகாது. தைலமரத்த பத்தி தனியா சொல்லணும், புதுக்கோட்டை ரோட்டுல வரிசையா நிக்கிறதப் பார்த்து இத விட நல்ல இடம் உண்டான்னு கேப்பாக, நெருக்கி நட்டு சீக்கிரம் வெட்டுற மரம் அது, பாதிக்கு மேல 31 இன்ச் தேறாது. போன கோடையில எங்க பக்கத்துல ஒரு தங்குற இடத்துல அப்படி ஒரு இளசுல கட்டி, ஒரு குடும்பம் ஏறி உட்கார்ந்ததும் மரம் உள்பக்கமா வளைஞ்சு டென்ட்டு தரையைத் தொட்டுருச்சு, தாழ்வா கட்டியிருந்ததால பிள்ளைக்கு அடி படல.

அதே இடத்துல ஒரு வேப்பமரத்தையும் பார்த்தேன். பெல்ட்ட வெறும் பட்டை மேல சுத்தி, ஏறி இறங்கி ஆடுன ஆட்டத்துல சுத்திவர பட்டை உரிஞ்சு, அந்த வெள்ளைக் கீறல்ல பிசின் மணி மணியா நிக்குது. பட்டைக்கு அடியிலதான் மரத்துக்கு சாப்பாடு போற வழி இருக்கு, சுத்திவர அறுத்துட்டா மரமே பட்டுப்போகும். டென்ட்டோட மரத்துக்கு சுத்துற உறை வருதான்னு பார்த்து வாங்குங்க, இல்லாட்டி சாக்க நாலா மடிச்சு வச்சு அது மேல பெல்ட்ட சுத்துங்க, இதுக்கு அஞ்சு நிமிஷம் ஆகுமா.

வாங்குறப்ப எத்தனை பேர் படுக்கலாம்னு போட்டிருக்கத மட்டும் பார்க்காம எத்தனை கிலோ தாங்கும்னு பாருங்க, அது எழுதாத டென்ட்ட தொடாதீங்க. இதுக்குன்னே பேர் எடுத்த டென்ட்ஸைல் கம்பெனி மூணு பேர் டென்ட்டுக்கு 400 கிலோன்னு தெளிவா போட்டிருக்கு, விலைதான் நம்ம ஆளுகளுக்கு எட்டாது. தனியாளா போறவுகளுக்கு என் அபிப்பிராயம், கொசுவலை வச்ச ஹேமக், அதாவது தூளி மாதிரி தொங்குற படுக்கை போதும், ரெண்டே மரம், பைக்குல கட்டிட்டுப் போயிரலாம்.

உயரம் நாலு அடிக்கு மேல போகாதீங்க, போட்டோவுக்காக எட்டடி பத்தடியில கட்டுறது வேண்டாத வேலை. பெல்ட்டு முறுக்காம தட்டையா போகணும், ராட்செட் உருளையில ரெண்டு மூணு சுத்தாவது ஏறியிருக்கணும், ரொம்ப சுத்துனா சிக்கிக்கும். முதல்ல ஒரு ஆள் உட்கார்ந்து எந்திரிச்சா பெல்ட்டு கொஞ்சம் இளகும், மறுபடி ஒரு தடவை இறுக்கணும். உள்ள ஆள் இருக்கையில ராட்செட்ட அவிழ்க்கவே கூடாது.

நல்லதையும் சொல்லிர்றேன். நம்ம பக்கம் வெறுந்தரையில படுக்கிறவுகளத்தான் கட்டுவிரியன் ராத்திரியில கடிக்குது, தூக்கத்துல கடிச்சா வலி கூட பெருசா தெரியாது. தரையை விட்டு மேல படுக்கிறது அதுக்கு நல்ல பாதுகாப்பு. ஆனா ராத்திரி இறங்குறப்ப டார்ச் அடிச்சுப் பார்த்து, செருப்ப உதறிப் போட்டுட்டுத்தான் காலை வைக்கணும். அடியில காத்து ஓடுறதால பங்குனி சித்திரையில சுகமா இருக்கும், அதே காத்து மார்கழியில ஏற்காடு, கொடைக்கானல்ல முதுகை விறைக்க வச்சிரும், அங்க போனா முதுகுக்குக் கீழ போட பாய் மாதிரி ஒரு மேட் கண்டிப்பா வேணும். கோடை மழை இடி மின்னலோட வரும், முதல் இடி கேட்டதுமே டென்ட்ட அப்படியே போட்டுட்டு வீட்டுக்குள்ள போயிரணும், மரத்தடியில நிக்கவே கூடாது.

இன்னொண்ணு, கோயில்காட்டுல ஒரு மரத்துலயும் கட்டாதீங்க, ஊர்க்காரவுக குச்சி கூட ஒடிக்காம காப்பாத்தி வச்சிருக்க மரம். 1977-ல பறவைகள் சரணாலயமா அறிவிச்ச வேட்டங்குடி கண்மாய் பக்கமும் வேண்டாம், அங்க பறவைக்காக கொள்ளுகுடிப்பட்டி சனங்க தீபாவளிக்கு வெடி கூட வெடிக்கிறது இல்ல.

உங்ககிட்ட கேக்குறது இதுதான், பொங்கல் லீவுக்கு முன்னாடி மரத்தோட சுத்தளவு, உயரம், சாக்கு, இடி மின்னல் இந்த நாலையும் ஒரு பெட்டிச் செய்தியா போடுங்க. தோப்புல டென்ட் போட்டு காசு வாங்குறவுக எத்தனை கிலோ தாங்கும்னு ஒரு அட்டையில எழுதி டென்ட்டுகிட்ட தொங்கவிடணும்னும் சேர்த்து எழுதுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கானாடுகாத்தான்.