ஸ்கேன் அறை வாசலில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கு

எனக்குப் பாம்பன். ஐந்து மாதமாக மாதவிடாய் வரவில்லை, தாடையில் முடி வேறு. கல்யாணம் ஆகாத பெண்ணுக்குக் கர்ப்பப்பை ஸ்கேனா, ஊர் என்ன பேசும் என்று அம்மா கலங்கினார். ஒருவழியாக ராமநாதபுரம் பஸ் ஏறினோம்.

அங்கே நான் அழுதபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர்கள், அக்கா. மடியில் பனங்கிழங்குக் கட்டு. "எனக்கும் இதே நீர்க்கட்டிதான் தாயி, ரெண்டு பிள்ளை பெத்துட்டேன். வயிறு முட்டத் தண்ணி குடி, வயித்து மேல வச்சுத்தான் பார்ப்பாங்க" என்றீர்கள். அம்மாவின் முகம் அப்போதுதான் தெளிந்தது.

ஸ்கேன் மட்டும் போதாது, தைராய்டு, புரோலாக்டின் என்கிற பால் சுரக்கும் ஹார்மோன், சர்க்கரை எல்லாம் பார்க்கச் சொல் என்றும் சொன்னீர்கள். அது எவ்வளவு சரி என்று அப்புறம் டாக்டர் விளக்கியபோது புரிந்தது. ஒழுங்கற்ற மாதவிடாய், ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேனில் சினைப்பையில் நிறையச் சிறு பைகள், இந்த மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். வேறு காரணமும் இருக்கக் கூடாது. அப்போதுதான் அது பி.சி.ஓ.எஸ்., அதாவது நாம் சொல்லும் நீர்க்கட்டிப் பிரச்சினை. நீர்க்கட்டி என்கிறோமே, அவை முழுசாக வளராத முட்டைப் பைகள்தானாம். மாதக்கணக்கில் ரத்தப்போக்கு இல்லாவிட்டால் கர்ப்பப்பையின் உட்சுவர் தடித்துவிடும் என்று மாத்திரை கொடுத்து வரவழைத்தார்கள்.

இப்போது தினமும் விடிகாலையில் கடற்கரையில் நடக்கிறேன். அம்மாவும் கூட வருகிறார். தட்டில் சோறு குறைந்து மீன் கூடியிருக்கிறது.

கிளம்பும்போது நாலு கிழங்கை அம்மா கையில் திணித்தீர்கள். உங்கள் பேரைக்கூடக் கேட்கவில்லை. ரொம்ப நன்றி அக்கா.