டைம் கீப்பர் அப்பாவின் கடிதம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஜெர்மனியின் பான் நகரத்தில் வீடு கிடைத்துவிட்டதாக அம்மா சொன்னாள். இட்லிப் பொடியை எதில் கட்டி அனுப்புவது என்று கேட்கச் சொன்னாள். அதை அவளே போனில் கேட்டுக்கொள்வாள்.

நீ கிளம்புவதற்கு முந்தின ராத்திரி மொட்டை மாடியில் உன் வேலையை விளக்கினாயே, அப்போது பாதிதான் புரிந்தது. மீதி, பரணில் கிடந்த என் பழைய நோட்டைப் புரட்டும்போது புரிந்தது. திருநெல்வேலி பஸ் 10.20க்கு வர வேண்டும், வந்தது 10.26. மூன்றாவது கட்டத்தில் 6 என்று எழுதியிருக்கிறேன். நீ பல்சருக்கு, அதாவது சுற்றிச் சுற்றி ரேடியோத் துடிப்பு அனுப்பும் நட்சத்திரத்துக்கு, அப்படி எழுதி, வெளியையே லேசாக நீட்டிச் சுருக்கும் ஈர்ப்பலையைத் தேடுகிறாய். எனக்கு நிமிஷம், உனக்கு மைக்ரோ செகண்டு.

ஒரு நாள் காலையில் வந்த வண்டி எல்லாமே 4 நிமிஷம் லேட். டிரைவர்களைப் பிடித்து ஏசினேன். ஒன்பதாவது வண்டிக்காரர் தன் கைக்கடிகாரத்தை என் மூக்குக்கு நேரே நீட்டினார். என் சுவர்க் கடிகாரம்தான் முந்தி ஓடியிருக்கிறது! இதைச் சொன்னதும் நீ சிரிப்பாய் என்று பார்த்தேன். "எங்களுக்கும் அந்தப் பயம் உண்டுப்பா. கடிகாரம் தப்பானால் எல்லாப் பல்சரும் ஒரே மாதிரி பிசகும். ஈர்ப்பலை என்றால், ஜோடி சேர்த்துப் பார்க்கும்போது, வானத்தில் அவற்றுக்கு நடுவே உள்ள கோணத்தைப் பொறுத்துப் பிசகு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பது மாறும்" என்றாய்.

புனேக்கு வடக்கே கோடாட்டில் தலா 45 மீட்டர் அகலத்தில் 30 ரேடியோ டெலஸ்கோப் கிண்ணங்களை வைத்துக்கொண்டு நீ பிஎச்டியில் அளந்தது, வழியில் ரயில்வே கேட்டில் வண்டி நின்ற நேரம் என்று வைத்துக்கொள்கிறேன். பல்சருக்கும் நமக்கும் நடுவில் இருக்கும் எலக்ட்ரான்கள் குறைந்த அலைவரிசையை அதிகம் தாமதப்படுத்தும். அதைக் கழித்தால்தான் உண்மையான லேட் தெரியும். சரிதானே? 2021 ஏப்ரலில், செகண்டுக்கு 200 தடவைக்கு மேல் சுற்றும் அந்த ஜே1713+0747 என்ற பல்சர் திடீரென்று துடிப்பின் வடிவத்தையே மாற்றிக்கொண்டதே, அன்றைக்கு நீ முழித்த முழி இன்னும் கண்ணில் நிற்கிறது. சாப்பாட்டுத் தட்டு அப்படியே காய்ந்தது.

2023 ஜூனில் ஐரோப்பாவும் இந்தியாவும் சேர்ந்து ஈர்ப்பலை பற்றிய முடிவை வெளியிட்டபோது, "ஆதாரம் தெரிகிறது, அவ்வளவுதான். கண்டுபிடித்தாச்சு என்று யாரிடமும் சொல்லிவிடாதீங்க" என்று போன் பண்ணினாய். அதற்குள் டீக்கடையில் சொல்லிவிட்டேன். இன்றுவரை திருத்தவில்லை.

அத்தை நேற்றும் வந்து, "இந்த வேலையாவது பெர்மனென்ட்டா?" என்று கேட்டாள். நானும் உன்னிடம் கேட்டவன்தான், மூன்று தடவை. நீ தேடும் அலை ஒன்று கடந்து போகவே பல வருஷம் ஆகும் என்கிறாய். உனக்குக் கொடுத்திருப்பதோ இரண்டு வருஷம். இந்தக் கணக்கை யார் போட்டார்களோ! இனி நான் கேட்க மாட்டேன். அத்தையை அம்மா பார்த்துக்கொள்வாள்.

எஃபெல்ஸ்பெர்க்குக்கு எப்போது போகிறாய்? அங்கே இருக்கும் 100 மீட்டர் ரேடியோ டெலஸ்கோப் தட்டின் படம் நெட்டிலேயே நிறைய இருக்கிறது. நீ அங்கே நேரம் பார்க்கும் கடிகாரத்தைப் படம் எடுத்து அனுப்பு. பக்கத்தில் விட்டால்தான், வற்புறுத்தாதே.

அன்புடன்,
அப்பா