தமிழ் வகுப்புக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

என் மகள் 2025இல் உயர்நிலை நான்கை முடித்தாள். அவளுடைய தமிழுக்குத் துணை நின்றவர்களை நினைத்துப் பார்த்தால், பாதிப் பேருக்குத் தமிழே தெரியாது. அதனால்தான் இந்த மடல்.

அவள் படித்தது சிங்கப்பூரில் எங்கள் வட்டாரத்து அரசாங்க உயர்நிலைப்பள்ளி. தமிழ் எடுக்கும் பிள்ளைகள் அங்கே மிகக் குறைவு, பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லை. காலையில் கொடியேற்றம், உறுதிமொழி, அப்புறம் வரிசையாகப் பாடங்கள். மணி அடித்ததும் தோழிகள் வீட்டுக்கோ இணைப்பாட நடவடிக்கைக்கோ போவார்கள். தமிழ் வகுப்பு உள்ள நாட்களில் இவள் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு, சிராங்கூன் சாலைக்குப் பக்கத்தில் பீட்டி சாலையிலுள்ள உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையத்துக்குப் பேருந்து ஏறுவாள்.

அந்தப் பெயரை முதலில் கேட்டதும் என் மாமனார் கண் கலங்கிவிட்டார். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயரில், கடையநல்லூரிலிருந்து இங்கு வந்தவர்கள் 1946இல் தஞ்சோங் பகாரில் தொடங்கிய தமிழ்ப் பள்ளி அது. பின்னர் அதுவே சிங்கப்பூரின் ஒரே தமிழ் உயர்நிலைப்பள்ளியாக வளர்ந்தது. மாமா அங்கேதான் கணக்கும் அறிவியலும் தமிழில் படித்தார். ஆங்கிலப் பள்ளிகளுக்குப் பிள்ளைகள் போகப்போக மாணவர் எண்ணிக்கை குறைந்து, 1982இல் பள்ளியை மூடினார்கள். பெயர் மட்டும் மொழி நிலையத்தில் தங்கிவிட்டது. பேத்தி அங்கே போகிறாள் என்பதே மாமாவுக்குப் பெரிய ஆறுதல். முதல் நாள் அவரே துணைக்குப் போனார்.

சரி, நன்றிக்கு வருகிறேன்.

பள்ளி கேன்டீனில் மலாய்ச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் மக்சிக் (மலாயில் அத்தையம்மா என்பதுபோல்), முதல் நன்றி உங்களுக்குத்தான். பள்ளி முடிந்து பேருந்துக்கு ஓடும் பிள்ளைக்கு உட்கார்ந்து சாப்பிட நேரம் இருக்காது. இரண்டாவது வாரமே அதைக் கவனித்துவிட்டீர்கள். அந்த நாட்களில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றை ஒரு டப்பாவில் கட்டி, காரமான சம்பாலைக் குறைத்து, அவள் வரும்போதே கையில் கொடுத்துவிடுவீர்கள். நான் ஷிப்ட் வேலை பார்ப்பவள். பிள்ளை பசியோடு வகுப்பில் உட்கார்ந்திருப்பாளோ என்ற கவலை இல்லாமல் என்னால் வேலை செய்ய முடிந்தது உங்களால்தான்.

2022இல், உயர்நிலை ஒன்றில், முகக்கவசம் போட்டுக்கொண்டு படித்த காலம். ஒரு நாள் பேருந்தில் தூங்கிவிட்டாள். கடைசி நிறுத்தத்தில் எழுப்பிய ஓட்டுநர் அங்கிள் அவளை இறக்கிவிட்டுப் போய்விடவில்லை. அவள் கைப்பேசியிலிருந்தே என்னை அழைத்துப் பேசினார், திரும்பும் பேருந்தில் ஏற்றிவிட்டு, அந்த ஓட்டுநரிடமும் எங்கே இறக்கவேண்டும் என்று சொல்லி அனுப்பினார். உங்கள் பெயரைக்கூட அன்று நான் கேட்கவில்லை அங்கிள். மன்னியுங்கள்.

வகுப்பாசிரியருக்கும் நன்றி. அவர் சீனர். தமிழ் வகுப்பு நாளில் வேறு எந்தக் கூட்டமும் இவளுக்கு இடிக்காமல் பார்த்துக்கொண்டார்.

தமிழாசிரியர் அம்மாவைப் பற்றி எழுத இந்த மடல் போதாது. வீட்டில் ஆங்கிலம் கலந்தே பேசும் பிள்ளை இவள். வாய்மொழித் தேர்வு என்றாலே தொண்டை அடைத்துக்கொள்ளும். காணொளியைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் பகுதிக்கு, "நீ பார்த்ததை உன் தாத்தாவிடம் சொல்வதுபோல் என்னிடம் சொல்" என்றீர்கள். அன்று வீட்டுக்கு வந்து, உண்மையாகவே தாத்தாவிடம் உட்கார்ந்து பேசத் தொடங்கினாள். இன்றைக்கும் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் தமிழில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். தேர்வில் என்ன கிடைத்திருந்தாலும், எங்கள் வீட்டுக்கு நீங்கள் தந்தது இதுதான் டீச்சர்.

மக்சிக்குக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. இந்த மடலில் அவருக்கு எழுதியதை மகள் நேரில் போய்ச் சொல்லப்போகிறாள். நான்கு ஆண்டில் வீட்டில் சேர்ந்துவிட்ட டப்பாக்களையும் கழுவி எடுத்து வைத்திருக்கிறோம்.

நன்றியுடன்,
ஓர் அம்மா