பேய் இல்லாமலும் திகில் உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்களது திகில் சிறுகதைச் சிறப்பிதழை ஒரு கதை விடாமல் வாசித்தேன். நடையில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் ஏறக்குறைய எல்லாக் கதைகளிலும் அநியாயமாக மாண்ட ஒருவரின் ஆவி, பாழடைந்த வீடொன்றில் பழிவாங்கக் காத்திருக்கிறது. ஒன்றிரண்டு கதைகள் அப்படி அமைந்தால் ரசிக்கலாம். இதழ் முழுவதும் அதுவே என்றால், திகில்கதை என்பது பேய்க்கதைதான் என்று புதிய வாசகர் முடிவுகட்டிவிடுவார்.

எட்கர் ஆலன் போ 1843-இல் வெளியிட்ட ‘தி டெல்-டேல் ஹார்ட்’ கதையில் ஆவி எதுவும் நடமாடுவதில்லை. கிழவர் ஒருவரைக் கொன்று தரைப்பலகைகளுக்கு அடியில் மறைத்தவன், தனக்குப் பித்து இல்லை என்று நம்மிடம் நிதானமாக வாதாடுகிறான். அந்த நிதானம்தான் குலைநடுங்க வைக்கிறது. சார்லட் பெர்கின்ஸ் கில்மனின் ‘தி யெல்லோ வால்பேப்பர்’ (1892) கதையிலோ, மருத்துவரான கணவர் ஓய்வு என்ற பெயரில் மனைவியை ஓர் அறையில் இருத்திவிட, சுவரில் ஒட்டிய மஞ்சள் காகிதத்தின் கோலங்களுக்குப் பின்னால் ஒரு பெண் அடைபட்டிருப்பதாக அவள் காணத் தொடங்குகிறாள். அந்த ஓய்வுச் சிகிச்சை கற்பனையன்று. அக்கால மருத்துவர்கள் பரிந்துரைத்ததும், கில்மனே அனுபவித்ததுமாகும். ஷெர்லி ஜாக்சனின் ‘தி லாட்டரி’ 1948 ஜூனில் ‘தி நியூயார்க்கர்’ இதழில் வெளியானபோது, குழப்பமும் கோபமுமாக நூற்றுக்கணக்கான கடிதங்கள் வந்து குவிந்தன. நல்ல வெயிலடிக்கும் காலையில், ஒருவரையொருவர் நன்கறிந்த ஊரார் கூடிச் சீட்டெடுக்கிறார்கள், அவ்வளவுதான். எதற்காக என்பதை, வாசிக்காதவர்களை முன்னிட்டு இங்கே சொல்லாமல் விடுகிறேன்.

இத்தனை வகைகளுக்கும் இடம் தருவது சிறுகதையின் சிறிய அளவே என்பது என் கருத்து. நாவல் நீள நீள, அச்சத்தின் மூலத்தை என்றாவது வெளியே கொண்டுவந்து காட்டியாக வேண்டிய நிர்ப்பந்தம் எழுகிறது. சிறுகதையோ அதற்கு முன்பே நின்றுவிடலாம். டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸின் ‘தி மங்கீஸ் பா’ (1902) கதையில், மூன்று வரங்கள் தரும் குரங்குக் கையொன்று ஒரு குடும்பத்திடம் வந்து சேர்கிறது. இரவில் கதவு தட்டப்பட, இறந்த மகன் அந்த வரத்தால் திரும்பிவிட்டான் என்று நம்பித் தாய் கதவைத் திறக்க ஓடுகிறாள். அவள் தாழ்ப்பாளோடு போராடும்போதே தந்தை தமது கடைசி வரத்தைக் கேட்டுவிடுகிறார். கதவு திறக்கையில் வெளியே யாருமில்லை. தட்டியது என்ன கோலத்தில் நின்றது என்று ஜேக்கப்ஸ் ஒரு வரி எழுதியிருந்தாலும் கதை கெட்டிருக்கும். புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யிலும், நடப்பதெல்லாம் அமானுஷ்யமா, உறக்கம் கெட்ட ஒரு மனத்தின் மயக்கமா என்ற ஐயம் கடைசிவரை தீர்வதில்லை.

இதற்கு எதிர்ச்சான்றும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். உருகுவே எழுத்தாளர் ஒராசியோ கிரோகாவின் ‘இறகுத் தலையணை’ (1907) இறுதியில் எல்லாவற்றையும் விளக்கிவிடுகிறது: புதுமணப்பெண் நாள்தோறும் வெளிறிச் சாவதற்குக் காரணம், அவள் தலைவைத்த தலையணைக்குள் இருந்து இரத்தம் குடித்துப் பருத்த ஒட்டுண்ணி. விளக்கம் வந்த பிறகுதான் அச்சமே பெருகுகிறது. ஏனெனில் அது நம் படுக்கையிலும் இருக்கக்கூடிய பொருள். சிறப்பிதழில் பூசாரியோ வீட்டுக் காவலாளியோ கடைசிப் பத்தியில் வந்து முன்கதை சொல்வது இத்தகைய விளக்கமன்று. அதுவரை சேர்த்துவைத்த பயத்தை அது கலைத்துவிடுகிறது.

அடுத்த முறை படைப்புகளைக் கோரும்போது, ஆவி இடம்பெறாத கதைகளையும் வரவேற்பதாக அறிவிப்பிலேயே ஒரு வரி சேர்க்க வேண்டுகிறேன். கிரோகாவின் அந்தக் கதை சில பக்கங்களே கொண்டது. நல்ல மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கொண்டு அதைத் தமிழில் வெளியிட்டால், எழுத வருபவர்களுக்கும் பயன்படும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்