எலும்புப்புரை ட்ரிப்ஸ்: மறுநாள் காய்ச்சலை முன்பே சொல்லி அனுப்புங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எலும்பு வலுவிழந்து எளிதில் முறியும் எலும்புப்புரைக்கு ஆண்டுக்கு ஒருமுறை ட்ரிப்ஸில் ஏற்றும் ஜோலெட்ரானிக் அமிலம் நல்ல மருந்து. 2007-இல் வெளியான பெரிய ஆய்வில், மூன்று ஆண்டுகளில் முதுகெலும்பு முறிவை 70 சதவீதமும் இடுப்பெலும்பு முறிவை 41 சதவீதமும் அது குறைத்தது. ஆனாலும் முதல் தவணையோடு நிறுத்திவிடுபவர்கள் உண்டு. மருந்து ஏறிய பிறகு உடம்பு எப்படியிருக்கும் என்று யாரும் சொல்லி அனுப்பாததே இதற்குப் பெரிய காரணம்.

ட்ரிப்ஸ் ஏறும்போது ஒன்றும் தெரியாது. நோயாளி நடந்தே வீட்டுக்குப் போய்விடுவார். அன்று இரவோ மறுநாளோ குளிர் நடுக்கம், காய்ச்சல், தலைவலி, அடித்துப்போட்டதுபோல் உடம்பு வலி எல்லாம் சேர்ந்து வரும். கட்டிலை விட்டு எழ முடியாதவர்களும் உண்டு. முன்பே தெரியாத வீட்டார் பதறி மருத்துவமனைக்கு ஓடுவார்கள். அங்கே ட்ரிப்ஸ் போட்ட விவரம் தெரியாமல் ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுப்பதும் நடக்கிறது. கடைசியில் 'இந்த மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளாது' என்று நோயாளி முடிவு கட்டிவிடுகிறார்.

இது ஒவ்வாமையும் இல்லை, கிருமித் தொற்றும் இல்லை. இந்த மருந்து ரத்தத்திலுள்ள சில வெள்ளை அணுக்களைத் தூண்டிவிடுகிறது. காய்ச்சலின்போது சுரக்கும் அதே வேதிப்பொருள்களை அவை வெளியிடுகின்றன. பெரும்பாலும் மூன்று நாளில் தணிந்துவிடும்; சிலருக்கு ஒரு வாரமோ இரண்டு வாரமோ இழுக்கும். அதே 2007 ஆய்வில் முதல் தவணைக்குப் பின் இப்படி அவதிப்பட்டவர்கள் சுமார் 32 சதவீதம். இரண்டாம் தவணையில் அது 7 சதவீதமாகவும் மூன்றாவதில் 3 சதவீதமாகவும் இறங்கியது. அடுத்த ஆண்டு வர மறுப்பவரிடம் முதலில் சொல்ல வேண்டியது இந்தக் கணக்கைத்தான்.

காய்ச்சலைக் குறைக்க வழி உண்டு. மருந்து ஏறிய அன்றே பாராசிட்டமால் 650 மி.கி. தொடங்கி, ஆறு மணி நேரத்துக்கு ஒன்றாக மூன்று நாள் சாப்பிடலாம். கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பாராசிட்டமால் கலந்த சளி மாத்திரையைக் கூடவே போட்டால் அளவு மீறிவிடும். ஐபுபுரொஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைத் தானாக வாங்கிப் போடக்கூடாது. மருந்து வெளியேறும் நேரத்தில் அவை சிறுநீரகத்துக்குக் கூடுதல் சுமை. இதயக் கோளாறுக்காகத் தண்ணீர் அளவு குறிக்கப்பட்டவர்கள் தவிர மற்றவர்கள் ட்ரிப்ஸுக்கு முன்பே இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்துவிட வேண்டும். வெறும் வயிற்றில் வரத் தேவையில்லை.

சிறுநீரக விஷயத்தில் ஒரு தவறு அடிக்கடி நேர்கிறது. சிறுநீரகம் வெளியேற்றும் கழிவுப்பொருளான கிரியேட்டினினின் ரத்த அளவு 'நார்மல்' என்று அறிக்கையில் இருந்தால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். 78 வயது, 45 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்குக் கிரியேட்டினின் 1.0 என்று வைத்துக்கொள்வோம். 140-இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, 72-ஆலும் கிரியேட்டினினாலும் வகுத்து, பெண் என்பதால் 0.85-ஆல் பெருக்கினால், சிறுநீரகம் ரத்தத்தைச் சுத்திகரிக்கும் வேகம் நிமிடத்துக்கு சுமார் 33 மி.லி. என்று வருகிறது. 35-க்குக் கீழே இந்த மருந்தே கூடாது. மெலிந்த முதியவர்களுக்கு இந்தக் கணக்கைப் போடாமல் ஊசி குத்தக்கூடாது.

வேகமும் முக்கியம். 5 மி.கி. மருந்து அடங்கிய 100 மி.லி. பாட்டில் 15 நிமிடத்துக்கு முன் ஏறி முடியக்கூடாது. ஒரு மி.லி.க்கு 20 சொட்டு விழும் குழாயில், நிமிடத்துக்கு 133 சொட்டுதான் உச்ச வரம்பு. அரை மணி நேரம் என்றால் 67 சொட்டு. வயதானவர்களுக்கு அதுவே நிம்மதி. கால்சியம் கலந்த ரிங்கர் லாக்டேட் ஓடும் குழாயில் இதை இணைக்கக்கூடாது.

கால்சியமும் வைட்டமின் டி-யும் ரத்தத்தில் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து, குறைந்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் மருந்து ஏற்ற வேண்டும். மருந்து, எலும்பு கரைவதைச் சட்டென்று நிறுத்துவதால் ரத்தத்துக்கு வந்துகொண்டிருந்த கால்சியம் நின்றுபோகும். ட்ரிப்ஸ் போட்ட பத்து நாளுக்குள் வாயைச் சுற்றி மரத்துப்போவது, விரல் நுனியில் ஊசி குத்துவதுபோல் இருப்பது, கை விரல்கள் இழுத்துக்கொள்வது எல்லாம் அதன் அடையாளம். பாராசிட்டமாலில் இது சரியாகாது. உடனே ரத்தப் பரிசோதனை வேண்டும்.

கண் சிவந்து வலித்து வெளிச்சம் கூசினால் கடையில் சொட்டு மருந்து வாங்காமல் கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும்; கண்ணுக்குள் அழற்சி ஏற்பட்டிருக்கலாம். படபடப்பு, மூச்சுத்திணறல், சிறுநீர் குறைவது எதையும் 'மூன்று நாள் காய்ச்சல்' கணக்கில் சேர்த்துவிடக்கூடாது. உடம்பு வலி இரண்டு வாரம் தாண்டியும் முடக்கிப்போட்டால், அடுத்த தவணைக்கு முன் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

தாடை எலும்பு அழுகுமாமே என்ற பயம் பலருக்கு. அந்தச் செய்திகளில் பெரும்பகுதி, இதே மருந்தைப் புற்றுநோய்க்காக மாதந்தோறும் 4 மி.கி. ஏற்றிக்கொள்பவர்களைப் பற்றியது. எலும்புப்புரை அளவில் அது மிக அரிது. பல் பிடுங்க வேண்டியிருந்தால் ட்ரிப்ஸுக்கு முன்பே பிடுங்கி, புண் ஆறவிட்டு வருவது நல்லது. சில ஆண்டுகள் தொடர்ந்து எடுத்தவர்களுக்குத் தொடையிலோ கவட்டிலோ விடாத மந்தமான வலி இருந்தால், இரு தொடைகளையும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். தொடை எலும்பில் விரிசல் விழத் தொடங்கியிருக்கலாம்.

ட்ரிப்ஸ் போடும் இடங்களை நான் கேட்பது ஒரே ஒரு தாள். மருந்தின் பெயர், அளவு, ஏற்றிய தேதி, பாராசிட்டமால் நேரங்கள், உடனே வரவேண்டிய அறிகுறிகள், இரவிலும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண். இவ்வளவையும் தமிழில், பெரிய எழுத்தில் அச்சிட்டு, நோயாளியிடம் மட்டுமல்லாமல் கூட வந்தவரிடமும் படித்துக்காட்டிக் கொடுங்கள். காய்ச்சல் எத்தனை டிகிரி, எத்தனை நாள் என்று எழுத அதிலேயே இடம் விடுங்கள். அடுத்த ஆண்டு மருத்துவர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

இப்படிக்கு,
ஒரு செவிலியர்