முதலாண்டு மாணவர்களுக்கு: பாதுகாப்பு வகுப்பு கட்டாயம்

முதலாண்டுத் தம்பி, தங்கைகளுக்கு வணக்கம். திங்கட்கிழமை காலை 10 மணிக்குக் கலையரங்கில் நடக்கும் உடல்நலம், பாதுகாப்பு வகுப்புக்கு அனைவரும் கட்டாயம் வர வேண்டும். ராகிங் தடுப்பு உறுதிமொழியை நீங்களும் பெற்றோரும் அளிக்க வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2009 விதி. இன்னும் அளிக்காதவர்கள் அதற்குள் இணையத்தில் முடித்துவிடுங்கள்.

ராகிங்கை விளையாட்டு என்று எந்த சீனியர் சொன்னாலும் நம்பாதீர்கள். தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி அது இரண்டாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். 1800-180-5522 என்ற இலவச எண் இரவிலும் இயங்கும். பாதிக்கப்பட்டவர் மட்டுமல்ல, பார்த்தவரும் அழைக்கலாம், தயவுசெய்து அழையுங்கள். வீட்டு நினைவோ படிப்புச் சுமையோ தாங்க முடியாதபோது 14416 என்ற மனநல உதவி எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

விடுதியில் யாராவது மயங்கி விழுந்தால் உடனே 108. காப்பாளர் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.